கழுவிய கையில் கூடுதல் கிருமியா? ஒரு பாடசாலை ஆய்வுகூடம் கற்றுத்தந்த பாடம்

உயர்தர உயிரியல் வகுப்பில் செய்முறைப் பரிசோதனை ஒன்று. கை கழுவுவதற்கு முன்னர் ஒரு கிண்ணத்திலும், கழுவிய பின்னர் இன்னொரு கிண்ணத்திலும் விரல்களைப் பதிக்க வேண்டும். மூன்று நாட்களின் பின்னர் எதில் கிருமிகள் கூடுதலாக வளர்ந்துள்ளன என்று பார்க்க வேண்டும். விடை எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, டியூஷன் நோட்ஸிலும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விரல்களைப் பதித்தோம். வெள்ளிக்கிழமை காலை கிண்ணங்களை எடுத்துப் பார்த்தபோது ஒரு குழுவின் மேசையில் மட்டும் சத்தமில்லை. அவர்களுடைய "கழுவுவதற்கு முன்" கிண்ணத்தில் ஆங்காங்கே சில புள்ளிகள். "கழுவிய பின்" கிண்ணத்தில் விரல் அடையாளமே தெரியும் அளவுக்குப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன.

அந்தக் குழுவிலிருந்த மாணவி ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், லேபல் ரெண்டையும் மாத்தி ஒட்டினா சரிதானே? இல்லாட்டி மார்க்ஸ் குறையுமே."

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து, பன்னிரண்டு வருடங்களாக "சரியான விடையை" எழுதினால்தான் புள்ளி என்று நாங்கள்தானே பழக்கியிருக்கிறோம். ஆனால் அந்த ஒரு கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கதவுக் கைப்பிடி, காசுத்தாள், போன், கை என்று அன்றாடம் நாம் தொடும் இடங்களிலிருந்து நுண்ணங்கிகளை வளர்த்துப் பார்ப்பது எப்படி, அதில் தெரிவது என்ன, தெரியாதது என்ன, அன்று அந்தக் கிண்ணம் ஏன் "பிழையான" விடையைத் தந்தது என்பவற்றை மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பது எப்படி?

ஒரு பற்றீரியாவை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் சில பங்கு வரையான நீளமுடையவை. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த லீவன்ஹூக் என்பவர், தானே தேய்த்து உருவாக்கிய சிறு வில்லைகளின் மூலம் தண்ணீரிலும் தனது பல்லிலிருந்து சுரண்டிய அழுக்கிலும் இவற்றைக் கண்டார். ஆனால் பார்ப்பது வேறு, பிரித்து வளர்ப்பது வேறு. வளர்ப்பதற்கான நல்ல வழி கிடைக்க மேலும் 200 வருடங்கள் சென்றன.

1880களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ரொபர்ட் கொக் என்ற மருத்துவர் உருளைக்கிழங்குத் துண்டுகளிலும் பின்னர் ஜெலட்டின் கலந்த இறைச்சிச் சாற்றிலும் பற்றீரியாக்களை வளர்த்தார். ஜெலட்டினில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. கோடை வெப்பத்தில் அது உருகிவிடும். சில பற்றீரியாக்கள் அதையே தின்று நீராக்கிவிடும்.

தீர்வு ஒரு சமையலறையிலிருந்து வந்தது. கொக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வோல்தர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபனி ஹெஸ்ஸே. கணவரின் ஆய்வுகளுக்கு உதவி செய்து, படங்களும் வரைந்து கொடுத்தவர். அவர் வீட்டில் செய்யும் ஜெலிகள் கோடையிலும் உருகுவதில்லை. காரணம், அவர் அவற்றுக்குப் பயன்படுத்தியது ஜெலட்டின் அல்ல, அகர் அகர். நியூயோர்க்கில் வளர்ந்த காலத்தில், ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அயலவர் மூலம் அதை அறிந்திருந்தார். அவர் சொன்ன யோசனையை 1881இல் ஆய்வுகூடத்தில் முயன்று பார்த்தார்கள். இன்றுவரை உலகெங்கும் நுண்ணங்கியியல் ஆய்வுகூடங்கள் அந்த அகரில்தான் நிற்கின்றன. காசநோய்க் கிருமி பற்றிய தனது 1882ஆம் ஆண்டு அறிக்கையில் கொக் அகரைக் குறிப்பிட்டார். ஆனால் அதைச் சொல்லித் தந்த பெண்ணின் பெயரைக் குறிப்பிடவில்லை. 1887இல் கொக்கின் உதவியாளர் யூலியஸ் பெத்திரி, மூடியுள்ள தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தை அறிமுகப்படுத்தினார். அதுவே நாம் இன்று பெத்திரிக் கிண்ணம் என்று சொல்வது.

அகர் அகர் என்பது மலாய்ச் சொல். எங்கள் வீடுகளில் அதன் பெயர் கடற்பாசி. நோன்பு காலத்தில் இஃப்தாருக்குப் பால் சேர்த்தும், வர்ணம் சேர்த்தும் காய்ச்சி ஊற்றி, ஆறவிட்டு வெட்டி வைப்போமே, அதே பொருள்தான். 19ஆம் நூற்றாண்டில் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையிலான களப்பிலிருந்து சேகரிக்கப்பட்ட இந்த வகைக் கடற்பாசி "சிலோன் மொஸ்" என்ற பெயரில் வெளிநாட்டு மருந்து நூல்களில் இடம்பெற்றிருந்தது.

கடற்பாசியின் தன்மையைக் கவனித்த எவருக்கும் இந்த விஞ்ஞானம் புரியும். கொதிக்க வைத்தால்தான் அது கரையும். ஆற விட்டால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலேயே உறையும். உறைந்த பின் எங்கள் ஊர் வெயிலிலும் உருகாது, ஏனெனில் அது மீண்டும் உருக ஏறத்தாழ 85 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. ஜெலட்டின் ஜெலியோ மேசையில் வைத்த சிறிது நேரத்தில் தண்ணீராகிவிடும். ஹலால் பிரச்சினைக்காக ஜெலட்டினைத் தவிர்த்துக் கடற்பாசியைத் தேர்ந்தெடுக்கும் எமது தாய்மார், கொக்கின் ஆய்வுகூடம் வேறொரு காரணத்துக்காகச் செய்த அதே மாற்றத்தைத்தான் செய்கிறார்கள்.

கிண்ணம் தயாராகும் விதம்

கடற்பாசி நுண்ணங்கிகளுக்கு உணவல்ல, அவை அமர்ந்து வளரும் பாய் மட்டுமே. உணவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பாடசாலைகளில் பயன்படும் போசணை ஏகாரில் பெப்டோன் எனும் செரித்த புரதம், இறைச்சிச் சாறு, சிறிது உப்பு ஆகியன சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 15 கிராம் அகர். ஆயத்தத் தூள் கிடைக்காத பாடசாலையில் வடித்தெடுத்த இறைச்சிச் சாற்றில் கடையில் விற்கும் கடற்பாசியைக் காய்ச்சியும் செய்யலாம். புள்ளிகள் அவ்வளவு தெளிவாக வராவிட்டாலும் வேலை நடக்கும்.

அடுத்து கிருமியழித்தல். ஏற்கனவே உள்ளே இருக்கும் கிருமிகளைக் கொல்லாவிட்டால், வளர்வது கதவிலிருந்து வந்ததா, சாற்றிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. வெறுமனே கொதிக்க வைத்தால் போதாது. சில பற்றீரியாக்கள் கடினமான ஓடு போர்த்திய வித்திகளாக மாறி, 100 பாகை வெப்பத்தையும் தாங்கிக்கொண்டு கிடக்கும். அதனால்தான் ஓட்டோகிளேவ் என்ற கருவியில் அமுக்கத்தின் கீழ் 121 பாகையில் 15 நிமிடங்கள் வைக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் தரும் பிரஷர் குக்கரும் இதே வெப்பநிலையை எட்டும். ஆனால் ஆய்வுகூடத்துக்குப் பயன்படுத்திய குக்கர் மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது.

கையில் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு ஆறியதும் கிண்ணங்களில் ஊற்றி மூடி வைக்க வேண்டும். உறைந்த பின்னர், கொதித்து ஆறிய நீரில் நனைத்த புதிய பஞ்சுக் குச்சியால் சுவிட்ச், கதவுக் கைப்பிடி, போன் போன்ற ஓர் இடத்தைத் துடைத்து, ஏகாரின் மேல் மெதுவாக இழுக்க வேண்டும். மூடியை முழுமையாகத் திறக்காமல் ஒரு பக்கம் மட்டும் சற்று உயர்த்தினால், காற்றிலிருந்து விழுவது குறையும். பின்னர் கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் இடம், திகதி, நேரம் எழுத வேண்டும். மூடியில் எழுதினால் மூடிகள் மாறும்போது எல்லாம் மாறிவிடும். கிண்ணத்தைத் தலைகீழாக வைப்பது ஏன் என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். மூடியில் படியும் நீர்த்துளிகள் ஏகாரில் சொட்டி, புள்ளிகளை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்கத்தான்.

இவற்றை விட முக்கியமான கிண்ணங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, திறக்கவே திறக்காத கிண்ணம். மற்றையது, எதையும் துடைக்காத, நீரில் மட்டும் நனைத்த குச்சியை இழுத்த கிண்ணம். இவை கட்டுப்பாட்டுக் கிண்ணங்கள். இவற்றில் ஏதாவது வளர்ந்தால், எமது ஏகாரோ, நீரோ, குச்சியோ, கையாண்ட விதமோ சரியில்லை என்று அர்த்தம். அப்போது மற்றைய கிண்ணங்களின் முடிவையும் நம்ப முடியாது. பெரும்பாலான பாடசாலைகளில் முதலில் கைவிடப்படுவது இந்த இரண்டு கிண்ணங்கள்தான். "ஒன்றும் வளராத கிண்ணத்துக்கு ஏன் ஏகாரை வீணாக்க வேண்டும்?" என்பார்கள். உண்மையில் மற்ற எல்லாக் கிண்ணங்களுக்கும் சாட்சி சொல்வது அந்த ஒன்றும் வளராத கிண்ணமே.

மூன்று நாட்களில் தெரிவது என்ன?

முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் குண்டூசித் தலையளவில் வெள்ளை, மஞ்சள், மங்கிய பழுப்புப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கொலனி, அதாவது ஒரு குடியிருப்பு. ஒரு தனிப் பற்றீரியாவோ, ஒன்றாக ஒட்டியிருந்த சிலவோ விழுந்த இடத்திலேயே பெருகி உண்டானது. நல்ல நிலைமையில் ஈ.கோலை போன்ற பற்றீரியா 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 7 மணித்தியாலத்தில் 21 தடவை பிரிந்தால் எண்ணிக்கை 20 இலட்சத்தைத் தாண்டிவிடும். காலையில் சமைத்து மூடி வைத்த சோறு மாலையில் ஏன் கெட்டுப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்குப் போதும்.

மூன்றாம், நான்காம் நாளில் பஞ்சு போன்றவை எழும்பும். அவை பங்கசுகள். பச்சை, கறுப்பு, சாம்பல் நிறங்களில் அவற்றின் வித்திகள் தெரியும். பழைய பாணில் பூக்கும் அதே பூஞ்சணம்தான். 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங்கின் கிண்ணம் ஒன்றில் இப்படித்தான் வேண்டாத பூஞ்சணம் ஒன்று வளர்ந்தது. அதைச் சுற்றியிருந்த பற்றீரியாக் கொலனிகள் கரைந்து போயிருந்ததைக் கவனித்த அவர், கெட்டுப்போன கிண்ணம் என்று தள்ளிவிடாமல் காரணத்தைத் தேடினார். பென்சிலின் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

நிறத்தையும் வடிவத்தையும் வைத்து "இது இன்ன கிருமி" என்று பெயர் சொல்லும் ஆசை மாணவர்களுக்கு வரும். அது முடியாத காரியம். வெள்ளைப் புள்ளியாகத் தெரியக்கூடிய பற்றீரியாக்கள் எத்தனையோ வகை. பெயர் சொல்ல வேண்டுமானால் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுடன், இரசாயனச் சோதனைகளும் செய்ய வேண்டும். எனவே கொப்பியில் எழுத வேண்டியது கண்ணால் கண்டதை மட்டுமே: "வட்டமானது, மஞ்சள், பளபளப்பானது, 2 மில்லிமீற்றர்."

கிண்ணம் சொல்லாதவை

இங்குதான் பலரும் தவறுகிறார்கள். ஒரு போனில் துடைத்த கிண்ணத்தில் நிறையப் புள்ளிகளும், மலசலகூடக் கதவில் துடைத்த கிண்ணத்தில் சில புள்ளிகளும் வந்தால், "மலசலகூடத்தை விடப் போன் அசுத்தமானது" என்று ஒரு படத்துடன் செய்தி வட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். அந்த ஒரு கிண்ணத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஏன்?

முதலாவது, எல்லா நுண்ணங்கிகளும் இந்த ஏகாரில் வளர்வதில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள பற்றீரியாக்களில் மிகச் சிறு பங்குதான், பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவானவையே, சாதாரண ஏகாரில் வளர்கின்றன. காசநோய்க் கிருமிக்குச் சிறப்பான ஊடகமும் பல வாரங்களும் தேவை. எலிக்காய்ச்சல் கிருமியும் இதில் வளராது. டெங்கு, தடிமன், கொவிட் போன்றவற்றை உண்டாக்கும் வைரஸ்கள் உயிருள்ள கலங்களுக்குள் மட்டுமே பெருகுவதால், எந்த ஏகாரிலும் தெரியமாட்டா. ஆகவே வெறுமையான கிண்ணம் "சுத்தம்" என்பதற்குச் சான்றிதழ் அல்ல.

இரண்டாவது, வளர்ந்தவை எல்லாம் கெட்டவை அல்ல. எமது தோலில் எப்போதும் குடியிருக்கும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. அவற்றில் பல, நோய்க்கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் எம்மைக் காக்கின்றன. ஆயிரம் தீங்கற்ற கொலனிகளை விட, கண்ணில் படாத சில டைபொயிட் கிருமிகளே ஆபத்தானவை. எண்ணிக்கையும் ஆபத்தும் ஒன்றல்ல.

மூன்றாவது, ஒரு கிண்ணம் ஒரு முறை காட்டுவது தற்செயலாகவும் இருக்கலாம். எவ்வளவு பரப்பைத் துடைத்தோம், எவ்வளவு அழுத்தினோம், குச்சி எவ்வளவு ஈரமாக இருந்தது என்பவை எல்லாம் எண்ணிக்கையை மாற்றும்.

இது நல்ல விடயங்களுக்கும் பொருந்தும். "வுழூ செய்த கையில் கிருமியே இல்லை, விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று ஒரு கிண்ணத்தின் படத்தை யாராவது அனுப்பினால், அதையும் இதே கேள்விகளுடன்தான் பார்க்க வேண்டும். எமது வணக்கத்துக்கு ஒரு பெத்திரிக் கிண்ணத்தின் சான்று தேவையில்லை. தேவையில்லாத சான்றைத் தேடி, பொய்யான ஒன்றைப் பரப்பிவிடக் கூடாது.

அப்படியானால் அன்று நடந்தது என்ன?

அந்தக் குழுவிடம் லேபலை மாற்ற வேண்டாம் என்றேன். "நீங்க செஞ்சத ஒண்ணும் விடாமச் சொல்லுங்க மகள்" என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தது. பைப்பைத் திறந்து, சில விநாடிகள் தண்ணீரில் மட்டும் கையைக் கழுவியிருக்கிறார்கள். சவர்க்காரம் முடிந்துபோயிருந்தது. கழுவிய அதே கையால் பைப்பை மூடியிருக்கிறார்கள். கையைத் துடைக்காமல், ஈர விரலை ஏகாரில் பதித்திருக்கிறார்கள்.

இந்த விபரங்களுக்குள்தான் விடை இருந்தது. தோலின் மேற்பரப்பில் வெளியிலிருந்து வந்து ஒட்டும் நுண்ணங்கிகளும் உண்டு, மயிர்க்குழிகளிலும் தோலின் மடிப்புகளிலும் நிரந்தரமாகக் குடியிருப்பவையும் உண்டு. நீரில் நனைத்துத் தேய்க்கும்போது தோலின் இறந்த செதில்கள் இளகி, உள்ளே இருந்தவை மேலே வருகின்றன. ஈர விரல், காய்ந்த விரலை விடக் கூடுதலான நுண்ணங்கிகளை ஏகாருக்கு மாற்றிவிடுகிறது. போதாததற்குப் பலர் தொட்ட பைப்பை மீண்டும் தொட்டிருக்கிறார்கள். எனவே கழுவிய பின் கொலனிகள் கூடுவது அதிசயமல்ல. இதே முடிவு பல பாடசாலை ஆய்வுகூடங்களில் வருகின்றது. பெரும்பாலும் லேபல் மாற்றப்பட்டோ, கிண்ணம் எறியப்பட்டோ மறைந்துவிடுகிறது.

அந்தக் கிண்ணம் பொய் சொல்லவில்லை. "கையில் எத்தனை நுண்ணங்கிகள் ஏகாருக்கு மாறின?" என்ற கேள்விக்கு அது சரியாகவே விடை தந்தது. நாம்தான் அந்த விடையை "கை கழுவுவதால் பயனுண்டா?" என்ற வேறொரு கேள்விக்குப் பொருத்தப் பார்த்தோம்.

அடுத்த வாரம் மறுபடி செய்தோம். கழுவாத கை, தண்ணீர் மட்டும், சவர்க்காரத்தால் 20 விநாடி தேய்த்துச் சுத்தமான காகிதத்தால் துடைத்த கை, சானிடைசர் பூசிக் காய்ந்த கை என நான்கு வகை. ஒவ்வொன்றையும் மூன்று மாணவிகள் தனித்தனியே செய்தார்கள். கட்டுப்பாட்டுக் கிண்ணங்களும் வைத்தோம். சானிடைசர் கிண்ணங்களில் புள்ளிகள் மிகக் குறைவு. தண்ணீர் மட்டும் பட்டவை மறுபடியும் கூடுதலாகவே வந்தன. சவர்க்காரக் கிண்ணங்களில் இரண்டில் குறைந்திருந்தது, ஒன்றில் குறையவில்லை. ஒரு கட்டுப்பாட்டுக் கிண்ணத்தில் தனியாக ஒரு பூஞ்சணமும் முளைத்திருந்தது. எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதினார்கள், அந்தப் பூஞ்சணத்தையும் சேர்த்து. லேபலை மாற்றக் கேட்ட மாணவியின் அறிக்கைதான் வகுப்பிலேயே நீளமானது.

கிண்ணம் இல்லாமலே கிடைத்த சான்று

கை கழுவுவதால் பயனுண்டா என்ற கேள்விக்கு வேறு வழியில்தான் விடை தேட வேண்டும். நுண்ணங்கிகளை அல்ல, நோயாளிகளை எண்ண வேண்டும்.

1847இல் வியன்னா பொது வைத்தியசாலையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றையதில் மருத்துவிச்சிகளும் பணியாற்றினர். முதலாவதில் பிரசவக் காய்ச்சலால் இறக்கும் தாய்மார் மிக அதிகம். பிணப் பரிசோதனை செய்த கையுடன் வைத்தியர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று செமல்வைஸ் என்ற இளம் வைத்தியர் சந்தேகித்தார். குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். அவ்வருடம் ஏப்ரலில் நூற்றுக்கு 18 அளவில் இருந்த மரணங்கள், சில மாதங்களுக்குள் நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கின. அவரிடம் ஏகார் இருக்கவில்லை. கிருமிக் கொள்கையும் அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. இரண்டு பிரிவுகளை ஒப்பிடும் நேர்மையான கணக்கு மட்டும் இருந்தது. இரண்டாவது பிரிவுதான் அவருடைய கட்டுப்பாட்டுக் கிண்ணம்.

எமக்குக் கொஞ்சம் நெருக்கமான சான்று கராச்சியிலிருந்து வருகிறது. அங்குள்ள வறிய குடியிருப்புகளில் ஏறத்தாழ 900 வீடுகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சில பகுதிகளுக்குச் சவர்க்காரம் கொடுத்து, கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்தார்கள். ஏனைய பகுதிகள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. சாதாரண சவர்க்காரம் பெற்ற வீடுகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் 53 வீதமும், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நியூமோனியா 50 வீதமும் குறைந்தன. கிருமிநாசினி கலந்த விலை கூடிய சவர்க்காரம், சாதாரண சவர்க்காரத்தை விட மேலதிகப் பயன் எதையும் தரவில்லை.

சவர்க்காரத்தின் வேலை பெரும்பாலும் கிருமிகளைக் கொல்வதல்ல, வெளியிலிருந்து ஒட்டியவற்றை எண்ணெய்ப் பசையுடன் கழற்றி, நீரோடு அனுப்பிவிடுவது. தோலில் வழமையாகக் குடியிருப்பவை மிஞ்சினாலும் நோய் தருபவை போய்விடுகின்றன. சாதாரண ஏகார் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. மெக்கொங்கி ஏகார் போன்ற சிறப்பு ஊடகங்கள் குடலிலிருந்து வரும் பற்றீரியாக்களை முக்கியமாக வளரவிட்டு, ஈ.கோலை போன்றவற்றை இளஞ்சிவப்பு நிறத்தில் காட்டும். கிணற்று நீரில் மலக்கழிவு கலந்துள்ளதா என்று பரிசோதிப்பதும் இவ்வாறான ஊடகங்களின் உதவியுடன்தான். கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே அமைந்த எமது கரையோர ஊர்களில் இந்தப் பரிசோதனையின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது பாடசாலையில் விளையாட்டாகச் செய்யும் காரியமல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் உரிய ஆய்வுகூடத்தில் செய்விக்க வேண்டியது.

பெற்றோரின் அச்சம் நியாயமானதா?

"பிள்ளைகளுக்கு ஏன் கிருமி வளர்க்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள்?" என்று ஒரு மாணவியின் வாப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கதவில் இருக்கும்போது சொற்பமாக இருந்தது, கிண்ணத்தில் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அதனால் சில விதிகளை விட்டுக்கொடுக்கவே முடியாது.

மூக்கு, தொண்டை, புண், மலசலகூடம், பச்சை இறைச்சி ஆகியவற்றிலிருந்து எடுக்கவே கூடாது. வளர விடும்போது மூடியைச் சில துண்டு டேப்பினால் நான்கு இடங்களில் மட்டும் ஒட்ட வேண்டும். காற்றுப் புகாமல் முழுவதும் அடைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் ஆபத்தான வகைகளுக்கு வசதியாகிவிடும். வளர்ந்த பின்னர் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மூடியினூடாகவே பார்க்க வேண்டும், எண்ண வேண்டும். பார்வையிடக் கொடுக்கும் முன் சுற்றிவர டேப் ஒட்டிவிடலாம்.

வெப்பநிலையும் முக்கியம். மனித உடலில் நோய் உண்டாக்கும் பற்றீரியாக்களுக்குப் பிடித்தமானது 37 பாகை. அதனால் பாடசாலைகளில் 25 பாகைக்கு மேற்படாமல் வளர்ப்பதே பாதுகாப்பு. வெளிநாட்டுப் புத்தகங்கள் "அறை வெப்பநிலையில் வையுங்கள்" என்று எளிதாக எழுதிவிடும். எமது கரையோரப் பாடசாலைகளில் அறை வெப்பநிலை பல மாதங்களில் 30 பாகையைத் தாண்டும். நாங்கள் கிண்ணங்களைப் பூட்டிய பெட்டியில் போட்டு, குளிரூட்டிய கணனி அறையின் அலுமாரியில் வைத்தோம். வசதியில்லாத இடத்தில், கிண்ணத்தைத் திறக்காத விதியை இன்னும் இறுக்கமாகப் பேண வேண்டும்.

வேலை முடிந்ததும் கிண்ணங்களைத் திறக்காமலே பையிலிட்டு, 121 பாகையில் 15 முதல் 20 நிமிடங்கள் அவித்த பின்னரே குப்பைக்கு அனுப்ப வேண்டும். கடைசியாக எல்லோரும் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும். வீட்டில் தனியாக இதைச் செய்து பார்க்க மாணவர்கள் முயலக் கூடாது. இவ்வளவையும் விளக்கிய பின் அந்த வாப்பா கேட்ட அடுத்த கேள்வி, "நானும் ஒரு நாளைக்கு வந்து பார்க்கலாமா டீச்சர்?"

எமக்குத் தேவையானது

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் எமது பிள்ளைகள் பல பரிசோதனைகளைப் பார்க்காமலே விடை எழுதிப் பழகுகிறார்கள். படத்தை மனனம் செய்கிறார்கள், முடிவை மனனம் செய்கிறார்கள். நாளை இவர்களில் சிலர் வைத்தியர்களாகவும், தாதியர்களாகவும், இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் கையொப்பமிடுபவர்களாகவும் வருவார்கள். எதிர்பார்த்த விடை வராதபோது லேபலை மாற்றும் பழக்கம் அங்கும் தொடர்ந்தால், பாதிக்கப்படுவது ஒரு கிண்ணமல்ல, ஒரு நோயாளி. கண்டதைக் கண்டபடி எழுதுவது ஓர் அமானிதம். அதை 17 வயதில் ஆய்வுகூட மேசையில் பழக்க வேண்டும்.

அதிபர்கள் செய்முறைக்கான நேரத்தை மீட்டல் வகுப்புகளுக்குப் பறித்துவிடாமல் இருந்தால் உதவி. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர்களும் மேடைக்கும் வளைவுக்கும் செலவிடும்போது, ஆய்வுகூடத்துக்கு ஒரு நல்ல பிரஷர் குக்கரும் சில பெட்டி பெத்திரிக் கிண்ணங்களும், எல்லாப் பைப்புகளுக்கும் அருகில் முடியாமல் சவர்க்காரமும் கிடைக்க வழி செய்யலாம். ஆசிரியர்கள், எதிர்பாராத முடிவைக் கொண்டுவரும் பிள்ளைக்குப் புள்ளியைக் குறைக்காமல் இருந்தால் போதும்.

அந்தக் குழுவின் முதலாவது கிண்ணத்தின் படம் இன்னும் ஆய்வுகூடச் சுவரில் இருக்கிறது. அதன் கீழே அந்த மாணவியே எழுதி ஒட்டியது: "கழுவிய பின். சவர்க்காரம் இல்லை. கை ஈரம். பைப்பைத் தொட்டோம்." லேபல் மாற்றப்படவில்லை.